மடியில் கனம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் எழுத்துகளைப் பத்தாண்டுகளுக்கும் மேலாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல்முறை. வீட்டில் நடந்த ஒரு சச்சரவு எழுதத் தூண்டியது.

அரசுச் சேவைகளை வரிசையில் நிற்காமல் பெறலாம் என்று சொல்லி ஒரு பதிவுத் திட்டம் வந்திருக்கிறது. கட்டாயம் இல்லை. முகத்தைப் படமெடுத்துக்கொள்கிறார்கள், கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் நாம் இருக்கும் இடத்தையும் அறிந்துகொள்ள அனுமதி கேட்கிறார்கள், குடும்பத்தினரின் விவரங்களை நிரப்பவும் ஒரு பகுதி இருக்கிறது. நான் எல்லாவற்றையும் நிரப்பிப் பதிவு செய்துவிட்டேன். அதை அறிந்ததும் கல்லூரியில் படிக்கும் என் மகள் நான்கு நாட்கள் என்னோடு பேசவில்லை. தான் மட்டும் சேரவே மாட்டேன் என்று சொல்லி, சென்ற வாரம் ஒரு சான்றிதழுக்காக மூன்று மணிநேரம் வரிசையில் நின்றுவிட்டு வந்தாள்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் சாதாரண மனிதன். எந்தக் கட்சியிலும் இல்லை. வரியை ஒழுங்காகக் கட்டுகிறேன். என்னை வேவு பார்த்து அரசுக்கு ஆகப்போவது என்ன? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? என் வாழ்க்கையில் ஒளிவுமறைவே கிடையாது. [இங்கே ஆறு வரிகள் நீக்கப்பட்டுள்ளன.] தீவிரவாதிகளைப் பிடிக்க அரசுக்கு ஒரு வழி வேண்டாமா? கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தெரியாத எதை அரசு புதிதாகத் தெரிந்துகொள்ளப் போகிறது?

என் மகள் இலட்சியவாதி. உலகம் தெரியாதவள். அவளுக்கு இதை நான் எப்படி எடுத்துச் சொல்வது? நீங்கள் சொன்னால் கேட்பாள். இக்கடிதத்தை என் பெயரோடும் ஊரோடும் தாராளமாக வெளியிடலாம். எனக்கு மறைக்க எதுவும் இல்லை.

(பெயரும் ஊரும் நீக்கப்பட்டுள்ளன)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரையும் ஊரையும், நடுவில் ஆறு வரிகளையும் நீக்கிவிட்டே இக்கடிதத்தை வெளியிடுகிறேன். நீங்கள் அனுமதி தந்திருந்தும் ஏன் அப்படிச் செய்தேன் என்பதிலேயே என் பதில் முழுவதும் அடங்கியிருக்கிறது. இதே விஷயத்தைப் பல மாதங்களாக மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் சேர்ந்துகிடக்கும் கடிதங்களுக்கு நடுவே உங்களுடையதை எடுத்துவைத்து உடனே எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஆறு வரிகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உங்கள் வாழ்க்கையில் ஒளிவுமறைவு இல்லை என்று காட்டுவதற்காக, உங்கள் உடன்பிறந்த ஒருவர் கடந்துவந்த மிக இருண்ட காலத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்போடுதான் எழுதியிருந்தீர்கள், அவர் மீண்டு வந்ததில் உங்களுக்குள்ள பெருமிதம் ஒவ்வொரு சொல்லிலும் தெரிந்தது. ஆனால் அவர் அதை உங்களிடம் சொன்னது நீங்கள் அவருடைய உடன்பிறப்பு என்பதால். முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் படிக்கும் இடத்தில் அது வெளியாவதற்கு அவர் சம்மதித்தாரா? உங்கள் பெயரும் ஊரும் வெளிவந்துவிட்டால், அவர் யார் என்று கண்டுபிடிக்க ஒரு பகல் பொழுது போதும். உங்கள் மகளும் இக்கடிதத்தில் இருக்கிறார். கல்லூரியில் படிக்கிறார், எதை மறுத்தார் என்பது உட்பட. மறைக்க எதுவும் இல்லை என்று எழுதிய கையோடு இரண்டு பேருடைய வாழ்க்கையை, அவர்களைக் கேட்காமலே, எனக்கு அனுப்பிவைத்துவிட்டீர்கள்.

மடியில் கனம் பற்றிய பழமொழியை இந்த விவாதத்தில் எல்லோரும் எடுக்கிறார்கள். அதை ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். வழிப்போக்கன் ஒருவன் மடியில் பொருளை முடிந்துகொண்டு போகிறான். அவன் யாருக்கு அஞ்சுகிறான்? வழிப்பறிக்காரனுக்கு. மடியில் இருக்கும் கனம் களவாடிய பொருளாக இருக்க வேண்டும் என்று அந்தச் சொற்களில் எங்கும் இல்லை. அவன் உழைத்துச் சேர்த்ததாக இருக்கலாம். இன்னொருவர் அவனை நம்பிக் கொடுத்தனுப்பியதாகவும் இருக்கலாம். பழமொழிக்குள் குற்றவாளி என்று ஒருவன் இருந்தால் அவன் வழிமறித்து மடியைத் தடவுகிறவன். நாம் எப்போதோ அதைத் திருப்பிவிட்டோம். தடவுகிறவனை நல்லவனாக்கி, மடியைப் பொத்திக்கொள்பவனைக் கள்வனாக்கிவிட்டோம். நான் சொல்ல வருவது அந்தக் கனத்தைப் பற்றித்தான். உங்கள் மடியில் இருப்பதில் பெரும்பகுதி உங்களுடையது அன்று. அது அடைக்கலப் பொருள்.

அதற்கு முன் மற்ற இரண்டு கேள்விகளையும் முடித்துவிடுகிறேன். அவற்றில் நான் நெடுநேரம் நிற்க விரும்பவில்லை.

தீவிரவாதிகளைப் பிடிக்க வேண்டும் என்கிறீர்கள். வேண்டும். ஆனால் நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு கோடி மக்களில் 100 பேர் உண்மையிலேயே ஆபத்தானவர்கள் என்று கொள்வோம். எல்லோரையும் கண்காணிக்கும் ஒரு முறை, நூற்றுக்கு 99 தடவை சரியாகச் சொல்லும் என்றும் கொள்வோம். இவ்வளவு துல்லியம் எளிதில் வாய்ப்பதில்லை, இருந்தாலும் தாராளமாகவே கொடுப்போம். அது அந்த 100 பேரில் 99 பேரைக் காட்டிக்கொடுக்கும். கூடவே குற்றமற்ற ஏறத்தாழ ஒரு லட்சம் பேரையும் காட்டும். காவலர்கள் அந்த ஒரு லட்சம் வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அந்த 99 பேர் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? அமெரிக்காவில் கோடிக்கணக்கானோரின் தொலைபேசி அழைப்புப் பதிவுகள் மொத்தமாகத் திரட்டப்பட்டு வந்ததை 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தினார். அதை ஆராய்ந்த அந்நாட்டு அரசின் மேற்பார்வை வாரியம் 2014 ஜனவரியில் அறிக்கை அளித்தது: நாட்டுக்கு எதிரான அச்சுறுத்தல் தொடர்பான விசாரணை எதிலும், அந்தத் திட்டத்தால் முடிவில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்பட்டதாக ஒரு நிகழ்வைக்கூடத் தம்மால் காண முடியவில்லை என்றது. இரகசிய ஆவணங்களைப் பார்க்கும் அதிகாரம் பெற்றிருந்தவர்கள் சொன்னது இது.

கூகுளுக்குத் தெரிந்தது அரசுக்குத் தெரிந்தால் என்ன என்ற கேள்வி சோர்விலிருந்து பிறக்கிறது. ஒரு வாசல் ஏற்கெனவே திறந்துகிடக்கிறது என்பதற்காக இன்னொன்றையும் திறந்துபோடுவது எந்த வகையில் நியாயம்? நிறுவனம் உங்களுக்குப் பொருளை விற்க முயலும். உங்களைக் கைது செய்யவோ, வேலையிலிருந்து நீக்கவோ, கடவுச்சீட்டை முடக்கவோ அதனால் முடியாது. நிறுவனங்களிடம் குவிந்தது அங்கேயே நிற்பதில்லை, அரசின் கைக்குப் போய்ச்சேர வழி உண்டு என்பதும் 2013இல் தெரிந்த உண்மைதான். ஆகவே அங்கும் எதிர்க்க வேண்டும். இது இங்கே விட்டுக்கொடுப்பதற்குக் காரணமாகாது.

இனி கனத்துக்கு வருகிறேன்.

நீங்கள் அனுமதி கொடுத்த தொடர்புப் பட்டியலில் எத்தனை எண்கள் இருக்கின்றன? அமெரிக்க உளவு நிறுவனம் அந்த அழைப்புப் பதிவுகளை எப்படிப் பயன்படுத்தியது என்பதைச் சொல்கிறேன். ஓர் எண்மீது சந்தேகம் வந்தால், அந்த எண்ணோடு பேசியவர்களைப் பார்க்கலாம். அவர்களோடு பேசியவர்களைப் பார்க்கலாம். அவர்களோடு பேசியவர்களையும் பார்க்கலாம். இப்படி மூன்று படிகள் வரை போக அனுமதி இருந்தது. 2014 ஜனவரியில்தான் அது இரண்டாகக் குறைக்கப்பட்டது. ஒருவர் 40 பேரோடு பேசுகிறார் என்று வைத்தால், மூன்றாம் படியில் 64,000 பேர் வந்துவிடுகிறார்கள். முதல் மனிதரின் பெயரைக்கூட அறியாதவர்கள் அவர்கள். அந்த 64,000 பேரில் ஒருவராக நீங்கள் இருப்பதற்கு நீங்கள் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. உங்களோடு பேசிய ஒருவரோடு பேசிய ஒருவர் போதும். என்ன பேசினார்கள் என்பது இல்லாமல், யார் யாரை எப்போது அழைத்தார் என்பது மட்டும் பதிவாவதால் கவலையில்லை என்பவர்களும் உண்டு. நள்ளிரவில் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு 40 நிமிடம் பேசிய ஒருவர் என்ன பேசியிருப்பார் என்று அறிய, குரலைக் கேட்க வேண்டுமா? புற்றுநோய் மருத்துவரை, அதன்பின் காப்பீட்டு அலுவலகத்தை, அதன்பின் பல ஆண்டுகளாகப் பேசாத தன் அண்ணனை ஒருவர் வரிசையாக அழைத்திருந்தால் அந்த மூன்று எண்களே அவருடைய கதையைச் சொல்லிவிடுகின்றன. அந்த எண்களில் ஒன்று நாளை உங்களுடையதாக இருக்கலாம். அவர் உங்களை நம்பி அழைத்திருப்பார்.

குருதியிலும் இதுதான் நடக்கிறது. 1970களிலும் 80களிலும் கலிபோர்னியாவில் பல கொலைகளைச் செய்தவர் 2018 ஏப்ரலில் கைதானார். அவரைக் கண்டுபிடிக்க உதவியது, வம்சாவளி அறியும் ஆர்வத்தில் அவருடைய தூரத்து உறவினர்கள் ஓர் இணையதளத்தில் பதிவேற்றியிருந்த மரபணுத் தகவல். அவர் பிடிபட்டது நல்லது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் செய்தி சொல்லும் இன்னொன்றையும் கேளுங்கள். அந்த உறவினர்கள் தங்கள் எச்சிலை மட்டும் கொடுத்ததாக எண்ணியிருந்தார்கள். கொடுத்தது ஒரு கிளைவழி முழுவதையும். அவர்கள் சந்தித்திராதவர்களையும், இன்னும் பிறக்காதவர்களையும்கூட.

நெதர்லாந்தின் கதை எனக்கு எப்போதும் தூக்கத்தைக் கெடுப்பது. அங்கே மக்கள்தொகைப் பதிவேடு பல பத்தாண்டுகளாக மிக ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டது. அதில் ஒவ்வொருவருடைய மதமும் இருந்தது. நல்ல நிர்வாகத்துக்காக, நல்ல எண்ணத்தோடு நல்ல அலுவலர்கள் எழுதிவைத்தது. மக்களும் உண்மையைத்தான் சொன்னார்கள். மறைக்க அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. 1940 மே மாதம் ஜெர்மன் படை உள்ளே வந்தபோது பதிவேடு தயாராக இருந்தது. அடுத்த ஆண்டே எளிதில் போலி செய்ய முடியாத அடையாள அட்டை வந்தது. யூதர்களின் அட்டையில் தனி எழுத்து பொறிக்கப்பட்டது. அந்நாட்டின் ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு பெரிய விகிதம் வேறெந்த நாட்டிலும் இல்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. அந்தப் பதிவேடு அவற்றில் ஒன்று. 1943 மார்ச் 27 இரவு ஓவியர்களும் சிற்பிகளும் மாணவர்களுமாகச் சிலர் காவலர் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்து அட்டைகளுக்குத் தீ வைத்தார்கள். ஒரு பகுதி மட்டுமே அழிந்தது. பன்னிரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இதில் என்னை வதைப்பது யூதர்கள் தங்கள் மதத்தைச் சொன்னது மட்டும் அன்று. மற்ற எல்லோரும் தங்களுடையதைச் சொன்னார்கள் என்பது. பெரும்பான்மையினர் தயக்கமின்றி நிரப்பிக் கொடுத்ததால்தான் பதிவேடு முழுமையாயிற்று. பதிவேடு முழுமையானதால்தான் அதில் சிறுபான்மையினர் தனித்துத் தெரிந்தார்கள். ஒருவர்கூட விடுபடாத பட்டியலில்தான் ஒருவரைத் தேடி எடுக்க முடியும். உங்களைப் போல், என்னைப் போல், எவருக்கும் தீங்கு நினையாத சாதாரண மனிதர்களின் கையொப்பங்கள் சேர்ந்தே அந்தப் பட்டியல் உருவாயிற்று. என்னை வேவு பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டீர்களே, உங்களை வேவு பார்ப்பதால் உங்களுக்கு ஒருவேளை எதுவும் ஆகாமலே போகலாம். உங்களுக்கு அருகில் நிற்பவருக்கு ஆகும். இப்போது நன்றாகத்தானே போகிறது என்று சொல்ல வேண்டாம். நீங்கள் கொடுப்பது இன்றைய அரசுக்கு மட்டும் அன்று. இதே நாற்காலியில் நாளை வந்து அமரப்போகும், உங்களுக்குப் பெயர் தெரியாத எல்லோருக்கும்.

கிழக்கு ஜெர்மனியின் இரகசியக் காவல் அமைப்பில் 1989இல் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். தங்களுக்குத் தெரிந்தவர்களைப் பற்றித் தகவல் கொடுத்துவந்தவர்கள் 1,70,000 பேருக்கும் அதிகம். ஏறத்தாழ 1.6 கோடி மக்கள் கொண்ட நாடு அது. 1992 ஜனவரி முதல், தங்களைப் பற்றிய கோப்பைப் படித்துப் பார்க்க மக்களுக்கு உரிமை கிடைத்தது. வேரா வோலன்பெர்கர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், தம்மைப் பற்றித் தகவல் கொடுத்தவர் தம் கணவரே என்று அறிந்தார். இதை எல்லோரும் சொல்வார்கள். அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று உண்டு. கோப்பின் நகலைப் பெறும்போது, கண்காணிக்கப்பட்ட மற்றவர்களின் பெயர்கள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருக்கும். சட்டம் அப்படித்தான் வகுக்கப்பட்டது. உங்கள் கோப்பு, உங்கள் வாழ்க்கை, உங்கள் துன்பம். ஆனாலும் அதில் இருப்பது முழுவதும் உங்களுக்குச் சொந்தமில்லை. உங்கள் வீட்டுக்கு வந்து அழுத தோழியின் அழுகையும் அதில் இருக்கிறது. கோடிக்கணக்கான பக்கங்களைத் திறந்துபார்த்த ஒரு சமூகம் தன் அனுபவத்திலிருந்து எழுதிய விதி அது. நீங்கள் கைபேசியில் ஒரு பொத்தானைத் தொட்டு அனுமதி அளித்தபோது அந்தக் கறுப்பு மையை யார் பூசினார்கள்?

அரசு எவரையும் எப்போதும் கண்காணிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருவர்மீது காரணத்தோடு சந்தேகம் இருந்தால், அந்தக் காரணத்தை ஒரு நீதிபதியின் முன் வைத்து, இவரை, இதற்காக, இத்தனை நாட்களுக்கு என்று எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கண்காணிக்கட்டும். இது புதிய கோரிக்கையும் இல்லை. 1762இல் லண்டனில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டை மன்னரின் ஆட்கள் உடைத்து நான்கு மணிநேரம் குடைந்து காகிதங்களை அள்ளிச் சென்றார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். இது சட்டமென்றால் எங்கள் நூல்களில் இருக்கும், நூல்களில் இல்லையென்றால் இது சட்டமில்லை என்று 1765இல் தீர்ப்பு வந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகச் சொன்னபோது, அதில் குறுக்கிடும் அரசிடம் சட்டம் இருக்கிறதா, நியாயமான தேவை இருக்கிறதா, தேவைக்கு மிஞ்சாத அளவில் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்கள். அத்தனை பேரையும் முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொள்கிறேன், தேவைப்படும்போது தேடிக்கொள்கிறேன் என்பது இந்தக் கேள்விகளில் கடைசியில் தேறாது.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது பின்னாளில். முதலில் தெரிந்துகொண்டது வேறு விதமாக.

எனக்கு அப்போது பதினோரு வயது. அப்பாவுக்குக் கல்லூரிக் காலத்து நண்பர் ஒருவர் இருந்தார். வெகு தொலைவில் வேலை பார்த்த அவர், மாதம் இரண்டு கடிதமாவது எழுதுவார். பருத்த உறைகள், நெருக்கமான சிறிய எழுத்து, இடம் போதாமல் பக்கத்தின் ஓரங்களிலும் ஏறியிருக்கும். அவற்றைப் படித்துவிட்டு அப்பா நீண்ட நேரம் யாரோடும் பேசமாட்டார். இரவில் விளக்கடியில் அமர்ந்து பதில் எழுதுவார். நான் அஞ்சல்தலை சேர்த்துக்கொண்டிருந்தேன். உறைகள் எனக்கு வந்துவிடும். அஞ்சல்தலையைக் கிழியாமல் பிரித்தெடுக்கும் பொறுமை இல்லாததால், உறையோடு சேர்த்து ஒரு பழைய பேரேட்டில் ஒட்டிவைத்திருந்தேன். அனுப்பியவரின் பெயர், முகவரி, முத்திரையின் தேதி எல்லாம் அப்படியே இருந்தன.

ஒருநாள் பிற்பகல் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தணிந்த குரல். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா உள்ளே படுத்திருந்தார். வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். எந்த வகுப்பு படிக்கிறாய் என்று கேட்டார். பேரேட்டைப் பார்த்ததும் "காட்டு தம்பி" என்றார். அதுவரை எந்தப் பெரியவரும் அதை முழுவதும் புரட்டிப் பார்த்ததில்லை. பெருமையோடு ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். "இந்த மாமா நெறைய எழுதுவாரோ?" என்று கேட்டார். "ஆமா, மாசம் ரெண்டு வரும், பெரிசு பெரிசா இருக்கும்" என்றேன். அவர் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். போகும்போது என் தலையைத் தடவிக்கொடுத்தார். எனக்கு மறைக்க எதுவும் இருக்கவில்லை.

அப்பா வந்ததும் எல்லாவற்றையும் உற்சாகமாகச் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. ஒரு சொல் திட்டவுமில்லை. அன்றிரவு பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். பதினான்கு ஆண்டுக் கடிதங்கள். கொல்லைப்புறத்தில் ஒவ்வொன்றையும் பிரித்து ஒருமுறை பார்த்துவிட்டுத் தீயிலிட்டார். நான் அழுதுகொண்டே, "உன்னோட லெட்டரை ஏம்ப்பா எரிக்கிறே?" என்று கேட்டேன். "இது என்னோடது இல்லடா. எனக்கு வந்தது" என்றார்.

அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது என்பதை அப்பா பல ஆண்டுகளுக்குப் பின் ஒருமுறை சொன்னார். நண்பர் ஒரு தொழிற்சங்கத்தில் இருந்தார். வந்தவருக்கு அதுதான் வேண்டியிருந்திருக்கும். கடிதங்களில் சங்கம் அங்கங்கே வந்ததாம். பெரும்பாலும் இருந்தது அவருடைய மகனின் தீராத நோய், மனைவியோடு வந்த மனக்கசப்பு, தன் தலைவர்கள்மீதே எழுந்த ஐயங்கள், ஒரு மழைக்காலத்தில் இனி வாழ வேண்டாம் என்று தோன்றியது. எந்த நாட்டுச் சட்டத்திலும் குற்றமாகாதவை. வேறு எவரிடமும் அவர் சொல்லியிராதவை.

1971 மார்ச் 8 இரவு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மீடியா என்ற சிற்றூரில், மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அலுவலகத்துக்குள் குடிமக்கள் சிலர் புகுந்து கோப்புகளை எடுத்துச் சென்று பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். அதில் ஒரு குறிப்பு இருந்தது. அரசை எதிர்ப்பவர்களை அடிக்கடி போய் விசாரிக்க வேண்டும். அதனால் அவர்களிடையே அச்சம் கூடும். ஒவ்வொரு தபால் பெட்டிக்குப் பின்னாலும் எங்கள் ஆள் ஒருவர் நிற்கிறார் என்பது அவர்களுக்குப் புரியும் என்று அதில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த நாளில் எங்கள் வீட்டுக்கு வந்த வெள்ளைச் சட்டைக்காரரை நினைத்துக்கொண்டேன். அவர் எதையும் கண்டுபிடித்திருக்க வேண்டியதில்லை. வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனதே போதுமானதாக இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தவரை நண்பர் கைதாகவில்லை. அவருடைய வேலையும் போகவில்லை. யாரும் தண்டிக்கப்படவில்லை. எரித்தது அப்பாதான்.

அப்பா அவருக்கு ஓர் அட்டையில் செய்தி அனுப்பியிருக்க வேண்டும். அதன்பின் உறைகள் வரவில்லை. அஞ்சலட்டைகள் வந்தன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்துகிடக்கும் அட்டைகள். "நலம். நலமறிய ஆவல்." ஆண்டுக்கு மூன்றோ நான்கோ. அப்பாவும் அப்படியே எழுதினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு நண்பர்களும் நலமாகவே இருந்தார்கள். நண்பரின் மகன் இறந்த செய்தி அப்பாவுக்கு வேறொருவர் வழியாக, எட்டு மாதம் கழித்து வந்தது. அன்று உறை ஒன்றை எடுத்துவைத்து வெகுநேரம் அமர்ந்திருந்தார். பிறகு அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அட்டையை எடுத்தார்.

அப்பா மறைந்தபோது நான் நண்பருக்கு எழுதினேன். உறையில் வைத்து, எட்டுப் பக்கம். பேரேட்டைப் பற்றியும் எழுதினேன். அன்று அதைக் காட்டியவன் நான்தான் என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அஞ்சலட்டை. அதே நெருக்கமான எழுத்து, இரண்டு வரிதான். நலம், நலமறிய ஆவல் என்று ஒரு வரி. சிறுவனாக இருந்தாய், வருந்தாதே என்று ஒரு வரி.

மகளுக்கு எப்படி எடுத்துச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். உலகம் தெரியாதவள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது; இன்னும் தணியவில்லை. மூன்று மணிநேரம் கால்கடுக்க நின்று ஒரு பெண் காத்தது தன்னை மட்டும் என்றா நினைத்தீர்கள்? அவருடைய தோழிகள், ஆசிரியர்கள், யாருக்கும் தெரியாமல் அவரிடம் மனம்விட்ட யாரோ ஒருவர், எல்லோரும் அவருடைய கைபேசியில் இருக்கிறார்கள். நீங்களும் இருக்கிறீர்கள். அந்தப் படிவத்தில் குடும்பத்தினர் பகுதியில் அவரைப் பற்றி நீங்கள் எதையெல்லாம் நிரப்பினீர்கள் என்று அவருக்கு இதுவரை காட்டியிருக்கமாட்டீர்கள். காட்டுங்கள். திரும்பப் பெற வழி இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து தேடுங்கள். இருந்தால் உடன்பிறந்தவருடைய விவரத்தையும் சேர்த்தே நீக்குங்கள். அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் மகள் நான்கு நாட்கள் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் நாள் பேசியிருக்கிறார்.

அன்புடன்.